மார்கழியில் பூட்டிக் கிடந்த ஃப்ளாட்: சிறு முதலீட்டுப் படத்துக்கு ஒரு மாத வாடகை வீடு எப்படி இருந்தது

சாலிகிராமத்தில், ஆற்காடு சாலையிலிருந்து மூன்று தெரு உள்ளே தள்ளி இருக்கும் பன்னிரண்டு வீட்டுக் குடியிருப்பு ஒன்றில், இரண்டாம் மாடி ஃப்ளாட்டைச் சென்ற மார்கழி மாதம் முழுவதும் படப்பிடிப்புக்காக வாடகைக்கு எடுத்திருந்தோம். எங்கள் படம் எண்பது நிமிடம் ஓடக்கூடியது. கதையின் பெரும்பகுதி ஒரே வீட்டுக்குள் நடக்கிறது. நடிகர்களையும் சேர்த்து நாங்கள் பதினெட்டுப் பேர். அந்த வீட்டைப் பற்றியும், அதைப் பிடித்துக் கொடுத்த லொகேஷன் மேனேஜரின் வேலையைப் பற்றியும், ஷூட்டிங் ஹவுஸுக்கு நாள் வாடகை கொடுப்பதை விட்டுவிட்டு மக்கள் குடியிருக்கும் கட்டடத்தில் ஒரு வீட்டை மாத வாடகைக்கு எடுப்பது காசு குறைவாக இருக்கும் குழுவுக்குச் சரிப்படுமா என்பதைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். பாராட்டும் உண்டு, குறையும் உண்டு என்பதால் குடியிருப்பின் பெயரையும் ஆட்களின் பெயரையும் குறிப்பிடவில்லை.

ஷூட்டிங் ஹவுஸ் வேண்டாம் என்று ஏன் முடிவு செய்தோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வளசரவாக்கம், விருகம்பாக்கம், சாலிகிராமம் பகுதிகளில் படப்பிடிப்புக்கென்றே வைத்திருக்கும் வீடுகள் நிறைய உண்டு. அங்கே யாரும் எதையும் கேட்பதில்லை. வண்டி நிறுத்த இடம், ஜெனரேட்டரிலிருந்து கேபிள் இழுக்க வழி, மேக்கப் அறை எல்லாம் இருக்கும். இதற்கு முன் எடுத்த குறும்படத்துக்கு அப்படி ஒரு வீட்டை நாளொன்றுக்கு 18,000 ரூபாய் வீதம் இரண்டு நாள் எடுத்தோம். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை கணக்கு; அதைத் தாண்டினால் மணிக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம். அந்த வீட்டின் மீது எனக்குக் குறை ஏதும் இல்லை. ஆனால் அதன் கூடத்தையும் மாடிப்படியையும் தொலைக்காட்சித் தொடர்களில் எத்தனையோ முறை பார்த்தாகிவிட்டது. சமையலறையில் ஒரு நாளாவது அடுப்பு எரிந்ததற்கான அடையாளம் இல்லை. இப்போதைய கதையில் வருவதோ, ஓய்வுபெற்ற கணவனும் மனைவியும் முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் வீடு. தினமும் மாலையில் பொருள்களையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு, மறுநாள் காலையில் வேறு குழு கலைத்துப் போட்ட வீட்டில் மீண்டும் அடுக்கினால், மேசை மேல் இருந்த மாத்திரை டப்பா எந்தப் பக்கம் இருந்தது என்பதிலிருந்து கன்டினியூட்டி தொல்லை, அதாவது ஒரு ஷாட்டில் இருந்தபடியே அடுத்ததிலும் எல்லாம் இருக்க வேண்டும் என்ற தொல்லை, தொடங்கிவிடும். எங்களுக்குத் தேவைப்பட்ட பதினான்கு நாளுக்கு நாள் வாடகை மட்டும் 2,52,000 ரூபாய் ஆகியிருக்கும். அது எங்கள் மொத்தச் செலவில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். தளம் வாடகைக்கு எடுத்துச் செட் போடும் யோசனைக்கு நாங்கள் போகவே இல்லை. வடபழனியில் வாஹினி ஸ்டுடியோ இருந்த நிலத்தில் இன்று மருத்துவமனையும் வணிக வளாகமும் நிற்கின்றன. மிஞ்சியிருக்கும் தளங்கள் எங்களைப் போன்றவர்களின் கைக்கு எட்டுபவை அல்ல.

லொகேஷன் மேனேஜர் செய்த பெரிய உதவி, வீட்டைக் காட்டியதைவிட, எந்த மாதத்தில் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததுதான். ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் யாரும் புதுவீடு குடிபோவதில்லை. கார்த்திகைக் கடைசியில் காலியாகும் வீடு தை பிறக்கும் வரை பூட்டித்தான் கிடக்கும். உரிமையாளருக்கு அது வருமானமில்லாத மாதம். மற்ற மாதங்களில் “சினிமாவுக்கா? வேண்டாம் சார்” என்று கதவைச் சாத்துபவர்கள்கூட அந்த ஒரு மாதத்துக்கு உட்கார்ந்து பேசுவார்கள். எங்கள் வீட்டுக்குத் தையில் வருவதாக ஒரு குடும்பம் ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்திருந்தது. இடையில் இருந்த நாள்கள் எங்களுக்குக் கிடைத்தன. இந்த இரு மாதங்களுக்கும் உரிய தொல்லை ஒலிபெருக்கி. ஆடியில் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் நாளில் தெருவே அதிரும். மார்கழியில் விடியுமுன்பே திருப்பாவை தொடங்கிவிடும். எங்கள் தெருமுனைக் கோயிலில் காலை ஐந்து மணிக்குத் தொடங்கிய பாட்டு ஆறே முக்காலுக்கு நின்றது. நாங்கள் முதல் ஷாட்டை ஒன்பது மணிக்கு வைத்துக்கொண்டதால் அது இடைஞ்சலாக இல்லை. அதிகாலைக் காட்சி உள்ளவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

உரிமையாளரிடம் படப்பிடிப்பு என்பதை மறைக்காமல் சொல்வது என்ற முடிவில் நாங்கள் உறுதியாக இருந்தோம். அதற்குக் காரணம் பழைய அனுபவம். முந்தைய ஆண்டு, குறுகிய காலத் தங்கலுக்கு வீடு பிடித்துத் தரும் செயலி ஒன்றின் வழியாக அசோக் நகரில் ஒரு ஃப்ளாட்டைக் குடும்பத்தோடு தங்குவதாகச் சொல்லி எடுத்தோம். ட்ரைபாடும் விளக்கு ஸ்டாண்டும் படியேறுவதைப் பார்த்த வாட்ச்மேன் உரிமையாளருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். நண்பகலுக்குள் வெளியேற வேண்டியதாயிற்று. கட்டிய பணம் போனதைவிட, வெளியூரிலிருந்து வந்திருந்த நடிகையின் கால்ஷீட் வீணானதுதான் பெரிய இழப்பு. அதில் தவறு முழுக்க எங்களுடையது. இந்த முறை உண்மையைச் சொன்னதும் ஆறு உரிமையாளர்கள் மறுத்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. உதவி இயக்குநர்களுக்கு அறை கொடுக்கவே யோசிக்கிற தெருக்களில், கேமராவோடு வருகிறேன் என்றால் தயங்கத்தான் செய்வார்கள். ஏழாவது ஆள், குரோம்பேட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், “கதையைச் சொல்லுங்க தம்பி, கேட்டுட்டு முடிவு பண்றேன்” என்றார். முக்கால் மணி நேரம் முழுக் கதையையும் சொன்னேன்.

அவர் மூன்று நிபந்தனைகள் வைத்தார். பூஜையறைக்குள் செருப்புக் கால் படக்கூடாது. வீட்டுக்குள் அசைவம் சமைக்கவோ சாப்பிடவோ கூடாது. சாவுக் காட்சி எடுக்கக் கூடாது. முதல் இரண்டும் எளிது. எங்கள் கதையிலோ கணவர் இறந்துபோகிறார். கூடத்தில் அவரைக் கிடத்தியிருக்கும் காட்சிதான் படத்தின் நடு முதுகெலும்பு. ஆனால் அவர் சொன்ன காரணத்தை என்னால் மறுக்க முடியவில்லை. தையில் பால் காய்ச்சிக் குடிவரப்போகும் குடும்பம், அதே கூடத்தில் தெற்கே தலைவைத்து ஒருவரைக் கிடத்தி, தலைமாட்டில் விளக்கேற்றி வைத்திருந்ததைப் படத்தில் பார்த்தால் என்ன நினைக்கும்? அந்தக் காட்சியை மட்டும் செங்கல்பட்டுப் பக்கம் நண்பர் ஒருவரின் ஆளில்லாத பூர்வீக வீட்டில், தரையும் சுவரின் அடிப்பகுதியும் மட்டும் தெரியும் நெருக்கமான ஷாட்டுகளாக எடுத்தோம். சாலிகிராமத்து வீட்டின் காவிச் சாயத் தரையும் அந்த வீட்டுத் தரையும் ஏறக்குறைய ஒரே நிறம் என்பதால் ஒட்டிப்போயிற்று. குடியிருக்கும் வீட்டை வாடகைக்குக் கேட்கும் யாரும், தங்கள் கதையில் சாவு, தாலி, ரத்தம், தூக்குக் கயிறு இவற்றில் எது இருந்தாலும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. பிறகு தெரிந்தால் படப்பிடிப்பே நின்றுபோகும்.

பணக் கணக்கு இப்படி அமைந்தது. அந்த வீட்டின் வழக்கமான மாத வாடகை 20,000 ரூபாய். எங்களிடம் அந்த ஒரு மாதத்துக்கு 45,000 கேட்டார், ஒப்புக்கொண்டோம். முன்பணம் 60,000. சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாத வரையில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது. எழுத்து ஒப்பந்தத்தையும் கட்டாயமாக்குகிறது. அந்த மூன்று மாதக் கணக்கை உரிமையாளரே எடுத்துச் சொல்லி அதன்படி வாங்கிக்கொண்டார். வக்கீல் நண்பர் ஒருவர் முத்திரைத்தாளில் இரண்டு பக்க ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை மணி வரை, எத்தனை ஆள், சுவரில் ஆணி அடிக்கலாமா, என்ன சேதத்துக்கு எப்படிக் கணக்குப் பார்ப்பது என்பதோடு, வீட்டின் உட்புறமும் பால்கனியும் படத்தில் இடம்பெறுவதற்கும் படத்தை எந்த வடிவிலும் வெளியிடுவதற்கும் உரிமையாளர் சம்மதிக்கிறார் என்ற வரியும் அதில் இருந்தது. அந்த வரி இல்லாத ஒப்பந்தம் வெறும் குடித்தன ஒப்பந்தம்தான். பின்னால் ஓடிடி நிறுவனத்துக்குப் படத்தைக் கொடுக்கும்போது லொகேஷன் அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்டால் கையில் ஒன்றும் இருக்காது.

இனி வீடு. கூடம் பதினாறுக்குப் பதினொரு அடி. படுக்கையறைகள் இரண்டும் பத்துக்குப் பத்து. சமையலறை எட்டுக்கு ஏழு. லொகேஷன் மேனேஜர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களில் படுக்கையறை கல்யாண மண்டபம்போலத் தெரிந்தது. செல்பேசியின் அகன்ற லென்ஸில் எடுத்த படங்கள் அவை. நேரில் போனபோதுதான் உண்மை தெரிந்தது. இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. முழுச் சட்டக சென்சார் உள்ள கேமராவில் 35 மி.மீ. லென்ஸ் போட்டால், கேமராவிலிருந்து எவ்வளவு தூரமோ ஏறக்குறைய அவ்வளவு அகலம்தான் சட்டகத்துக்குள் வரும். பத்தடி அறையில் கேமராவும் ஒளிப்பதிவாளரும் மூன்றடியை எடுத்துக்கொண்டால் மீதி ஏழடி. எதிர்ச்சுவரில் ஏழடி தெரியும். கட்டிலும் அலமாரியும் போட்ட பிறகு அதுவும் சுருங்கிவிடும். அகன்ற லென்ஸுக்குப் போனால் அறை பெரிதாகத் தெரியும், முகம் கோணும். இந்த வீட்டில் எங்களைக் காப்பாற்றியது படுக்கையறைக் கதவுக்கு நேர் எதிரே இருந்த கூடத்து வாசல். இரண்டு கதவையும் திறந்து வைத்துக் கேமராவைக் கூடத்தில் நிறுத்தினால் பதினெட்டடி தூரம் கிடைத்தது. 50 மி.மீ. லென்ஸில், நிலைக்கால் ஓரத்தில் கருப்பாக விழ, உள்ளே மனைவி புடவை மடித்துக்கொண்டிருக்கும் ஷாட் அப்படித்தான் வந்தது. அறையின் அளவைவிடக் கதவுகள் எதை நோக்கித் திறக்கின்றன என்பதைத்தான் இப்போது முதலில் பார்க்கிறேன்.

வெளிச்சத்தில் இந்த வீடு எதிர்பார்த்ததைவிட அதிகம் கொடுத்தது. கூடத்தின் மேற்கு ஜன்னலில் பழைய காலத்து இரும்புக் கம்பி. பிற்பகல் மூன்றரை மணிக்குச் சாய்ந்த வெயில் அந்தக் கம்பிகளின் நிழலை எதிர்ச்சுவரில் விரித்து, நாலே முக்காலுக்குள் சுவரில் மெல்ல மேலேறி மறைந்துவிடும். அந்த ஒன்றேகால் மணி நேரத்தை நாங்கள் ஒரு நாளும் வீணாக்கவில்லை. கணவர் தனியாக உட்கார்ந்திருக்கும் காட்சிகளையெல்லாம் அதற்கென்று ஒதுக்கினோம். எந்த விளக்கு வைத்தும் அந்தச் சுவரை அப்படிக் கொண்டுவந்திருக்க முடியாது என்று ஒளிப்பதிவாளர் சொன்னார், நானும் அப்படியே நம்புகிறேன். இதற்கு மறுபக்கமும் உண்டு. இரண்டாம் மாடி என்பதால் ஜன்னலுக்கு வெளியே விளக்கு நிறுத்தத் தரை இல்லை. இரவுக் காட்சிக்குத் தெருவிளக்கு வெளிச்சம் உள்ளே வருவதுபோல் வேண்டும் என்றபோது, பால்கனிக் கைப்பிடியில் மூங்கில் கட்டி அதன் முனையில் சிறிய எல்.இ.டி. விளக்கைத் தொங்கவிட்டோம், கீழே நடமாட்டம் இருந்ததால் இரட்டைக் கயிறு கட்டி, ஒரு பையனைக் கீழேயே நிறுத்தி வைத்தோம். முதல் மாடியோ தரைத்தளமோ கிடைத்திருந்தால் அந்த இரவு இரண்டு மணி நேரம் மிச்சமாகியிருக்கும். லிஃப்ட்டும் கிடையாது, பொருள்கள் எல்லாம் தோளில்தான் ஏறின.

எங்களைப் போல நேரடி ஒலிப்பதிவு செய்யும், அதாவது நடிகர்களின் குரலைப் படப்பிடிப்பிலேயே பதியும் குழுவுக்கு வாடகையைவிடச் சத்தம்தான் பெரிய விலை. மீனம்பாக்கம் விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூர், கொளப்பாக்கம் பக்கம் இதைவிடக் குறைந்த வாடகைக்கு நல்ல வீடுகள் பார்த்தோம். தலைக்கு மேல் விமானம் போகும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி எடுக்க முடியாது என்பதால் விட்டுவிட்டோம். கோடம்பாக்கத்தில் ரயில் பாதைக்கு அருகே கிடைத்த வீட்டுக்கும் அதே கதிதான். சாலிகிராமத்து வீட்டை நான் முதலில் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அமைதியாக இருந்தது. ஞாயிறு மதியம் எந்த வீடும் அமைதியாகத்தான் இருக்கும் என்று எங்கள் ஒலிப்பதிவாளர் சொல்லி, வேலை நாளில் காலை, மாலை, இரவு என்று மூன்று முறை ரெக்கார்டருடன் என்னைக் கூட்டிப்போனார். ஆற்காடு சாலையில் மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கான வேலை இரவில் மூன்று தெரு தாண்டியும் லேசாகக் கேட்டது. ஜன்னலைச் சாத்திக் கனமான ஜமுக்காளம் தொங்கவிட்டால் சமாளிக்கலாம் என்று கணக்கிட்டோம். ஆனால் எங்கள் இருவர் கண்ணுக்கும் காதுக்கும் தப்பியது, கட்டடத்தின் போர் மோட்டார். காலை பத்தரைக்கும் மாலை நான்கரைக்கும் அதைப் போடுவார்கள். மோட்டார் கீழே இருந்தாலும் குழாய் எங்கள் படுக்கையறைச் சுவர் வழியாக மேலே போகிறது. தண்ணீர் ஏறும் நாற்பது நிமிடமும் சுவரே முனகும். அந்த வீட்டில் முன்பே இரண்டு குறும்படங்களுக்கு ஏற்பாடு செய்ததாகச் சொன்ன லொகேஷன் மேனேஜர் இதைச் சொல்லியிருக்க வேண்டும். கேட்டதற்கு, “அவங்கள்லாம் டப்பிங் பண்ணிட்டாங்க சார்” என்றார். நேரடி ஒலி என்பதை நாங்கள் முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தோம்.

மூன்றாம் நாள் இதைவிடப் பெரிய சிக்கல் வந்தது. லொகேஷன் மேனேஜர் அந்தக் குடியிருப்பில் இருப்பவர்களிடம், ஒரு நாள் மட்டும் விளம்பரப் படம் எடுப்பதாகச் சொல்லி வைத்திருந்தார். எங்களுக்கு அது தெரியாது. மூன்றாம் நாள் காலையில் அசோசியேஷன் செயலாளர் வந்து, ஒரு நாள் என்று சொன்னீர்களே என்று கேட்டபோது எனக்கு வாயடைத்துப் போயிற்று. உரிமையாளரிடம் உண்மையைச் சொல்லி வாங்கிய வீட்டில், அக்கம்பக்கத்தாரிடம் எங்கள் பெயரால் பொய் சொல்லப்பட்டிருந்தது. அன்று மாலை வேலையை நிறுத்திவிட்டு மொட்டை மாடியில் பன்னிரண்டு வீட்டாரையும் சந்தித்தோம். உரிமையாளர் குரோம்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து எங்களுக்காகப் பேசினார்; அதை நான் மறக்க மாட்டேன். படியில் கேபிள் கிடக்கக் கூடாது, இரவு எட்டுக்கு மேல் ஆள் நடமாட்டம் கூடாது, குறித்த இரண்டு நாள் மட்டும் பத்து மணி வரை, வண்டிகள் தெருவின் மறுகோடியில் நிற்கும், வாசலில் யாரும் புகைபிடிக்கக் கூடாது என்றெல்லாம் பேசி எழுதிக்கொண்டோம். அசோசியேஷன் பராமரிப்பு நிதிக்கு 10,000 ரூபாய் கொடுத்து ரசீது வாங்கினோம். மோட்டார் நேரத்தையும் அப்போதே கேட்டேன். காலை எட்டுக்கும் மதியச் சாப்பாட்டு வேளைக்கும் மாற்றிக் கொடுத்தார்கள். இந்தக் கூட்டத்தை முதல் நாளே நாங்களே நடத்தியிருக்க வேண்டும். வாடகை கொடுத்தால் நமக்குக் கிடைப்பது நான்கு சுவர்; படியும் தண்ணீரும் அமைதியும் அங்கே குடியிருப்பவர்களுடையவை, அவற்றைத் தனியாகத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

எதிர்வீட்டு அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எழுபது வயதைத் தாண்டியவர். மகன் வேலைக்குப் போன பிறகு தனியாக இருப்பார். பதினொரு மணிக்கு அவர் வீட்டுக் குக்கர் விசில் எங்கள் கூடத்துக்குள் அப்படியே கேட்கும். நான் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டதும், “மூணு விசில் வந்ததும் அணைச்சுடுவேன். அதுக்கப்புறம் நீங்க எடுத்துக்கோங்க தம்பி, நான் ஒண்ணும் தட்ட மாட்டேன்” என்றார். அடுத்த நாளிலிருந்து குக்கர் வைப்பதற்கு முன் அவரே கதவருகே வந்து விரலால் மூன்று என்று காட்டிவிட்டுப் போவார், நாங்கள் காத்திருப்போம், மூன்றாவது விசில் அடங்கியதும் பூம் மைக் மேலே ஏறும். ஒரு நாள் எங்கள் காட்சியிலேயே மனைவி சமையல் செய்துகொண்டிருக்க, அவரிடம் சொல்லி நிஜ விசிலையே பதிவு செய்தோம். எவர் வீட்டு விசிலோ என்று தெரியாதபடி அது படத்தில் இருக்கிறது. ஷூட்டிங் ஹவுஸில் இது கிடைத்திருக்காது.

மின்சாரத்தில் கவனம் தேவை. பழைய கட்டடம் என்பதால் 15 ஆம்ப்ஸ் பிளக் மூன்றே இடத்தில்தான்: சமையலறை, குளியலறை, ஏ.சி. இருந்த படுக்கையறை. எல்.இ.டி. விளக்குகள் மூன்றையும் சேர்த்து ஆயிரம் வாட்டுக்கு மேல் போகாதபடி வைத்துக்கொண்டோம். பெரிய விளக்கு தேவைப்பட்ட ஒரே இரவுக்கு மட்டும் சத்தமில்லாத ஜெனரேட்டரைத் தெருமுனையில் நிறுத்தினோம். வீட்டு இணைப்பில் பெரிய விளக்குகளைப் போட்டு எடுப்பது வயரிங்குக்கும் ஆபத்து, விதிக்கும் புறம்பு. தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. நாங்கள் இருந்தபோது முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கில் இருக்கும் யூனிட்டுகளுக்கும் கட்டணம் கூடிவிடும். நாங்கள் ஒரு மாதம் எரித்தது, அடுத்த மாதம் குடிவரும் குடும்பத்தின் பில்லை அந்தக் கோட்டுக்கு மேலே தள்ளிவிடக் கூடும் என்பதை உரிமையாளர்தான் சுட்டிக்காட்டினார். அதனால் உள்ளே நுழைந்த அன்றும் வெளியேறிய அன்றும் மீட்டரைப் படம் எடுத்து, எரிந்த 380 யூனிட்டுக்கு யூனிட் பத்து ரூபாய் வீதம் 3,800 கொடுத்தோம். அடுக்குக் கணக்குப்படி பார்த்தால் இது கூடுதல்தான். ஆனாலும் புதிதாக வரும் குடும்பத்தின் தலையில் நம் செலவு விழக்கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை.

சேதம் ஏற்பட்டது சுவரில். பழைய டிஸ்டெம்பர் பூசிய சுவரில் உதவியாளர் ஒருவர் கேபிளைக் கருப்பு டேப்பால் நேரடியாக ஒட்டிவிட்டார். பிரித்தபோது கை அகலத்துக்கு ஐந்தடி நீளம் பூச்சு உரிந்து, உள்ளே இருந்த பழைய நீலம் தெரிந்தது. முதலில் காகித டேப்பை ஒட்டி அதன் மேல்தான் கருப்பு டேப் ஒட்ட வேண்டும் என்பது தெரிந்த விஷயம், அவசரத்தில் விட்டுப்போயிற்று. குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் எங்களால் உடைந்தது என்று உரிமையாளர் நினைத்தார். சாவி வாங்கிய அன்றே ஒவ்வொரு சுவரையும் கதவையும் தேதியோடு படம் எடுத்து அவருக்கும் அனுப்பியிருந்ததால், அது முன்பே அப்படித்தான் இருந்தது என்பது ஒரு நிமிடத்தில் தெளிவாயிற்று. சுவர்ப் பூச்சுக்கு 6,500 ரூபாயை முன்பணத்தில் பிடித்துக்கொண்டு, மீதி 53,500ஐப் பன்னிரண்டாம் நாள் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டார்.

ஆக, வாடகை 45,000, அசோசியேஷனுக்கு 10,000, லொகேஷன் மேனேஜருக்கு 15,000, இரவு பகலாக ஒத்துழைத்த வாட்ச்மேனுக்கு 3,000, மின்சாரம் 3,800, சுவர் 6,500 என மொத்தம் 83,300 ரூபாய். பதினான்கு படப்பிடிப்பு நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 6,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஜெனரேட்டர் வாடகை தனி. இதற்கு வெளியே, படப்பிடிப்புக்கு முன் எட்டு நாள் அந்த வீட்டிலேயே ஒத்திகை பார்த்தோம். நடிகர்கள் இருவரும் அந்தச் சமையலறையில் காபி போட்டு, அந்த பால்கனியில் துணி காயப்போட்டுப் பழகினார்கள்; எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்று யோசிக்காமல் கை போகிற அளவுக்கு வீடு அவர்களுக்குப் பழகிப்போனதைக் கேமராவில் பார்த்தபோதுதான், மாத வாடகையின் உண்மையான பயன் எது என்று எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கும் உரிமையாளருக்கும் என் முழு மதிப்பெண். லொகேஷன் மேனேஜருக்குப் பாதிதான்: மாதம் சொன்னது, பேரம் பேசியது, சாவியை நேரத்துக்குக் கொடுத்தது நன்று; மோட்டாரை மறைத்ததும் அக்கம்பக்கத்தில் பொய் சொன்னதும் இரண்டு நாள் வேலையைக் கெடுத்தன, கேட்ட ரசீதையும் இன்றுவரை தரவில்லை. மூன்று நாளில் முடியும் குறும்படத்துக்கு இந்த வழி வேண்டாம்; அதற்கு ஷூட்டிங் ஹவுஸே மலிவு, அலைச்சலும் குறைவு. சண்டைக் காட்சி, கூட்டம் கூடும் காட்சி, இரவு முழுக்க எடுக்கும் காட்சி உள்ளவர்களுக்கும் பன்னிரண்டு குடும்பம் இருக்கும் கட்டடம் பொருந்தாது. பத்து நாளுக்கு மேல் ஒரே வீட்டுக்குள் நடக்கும், குறைந்த ஆட்களோடு எடுக்கும் படமென்றால் தயங்காமல் எடுக்கலாம். பொங்கல், தேர்வுக் காலம் இரண்டையும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

போகிக்கு முந்தின நாள் சாவியைத் திருப்பிக் கொடுத்தோம். வெள்ளையடிக்க வந்தவர்கள் ஏற்கெனவே கூடத்தில் ஏணி சாத்தியிருந்தார்கள். கம்பி நிழல் விழுந்த சுவரில் முதல் பூச்சு ஏறிக்கொண்டிருந்தது. ஆடிக்கு விருகம்பாக்கத்தில் ஒரு வீடு காலியாகிறது என்று லொகேஷன் மேனேஜர் சென்ற வாரம் படம் அனுப்பினார். அறையின் அளவையும் மோட்டார் போடும் நேரத்தையும், குடியிருப்பவர்களை நானே சந்திக்கலாமா என்பதையும் கேட்டு எழுதியிருக்கிறேன்.